திருச்சபையில் பொதுநிலையினர்: தமிழ்க் கிறித்தவ இலக்கியம் காட்டும் நெறி

திருச்சபையின் வரலாறு என்று நம் கைக்குக் கிடைக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆயர்களின் வரலாறாகவும் மறைப்பணியாளர்களின் வரலாறாகவுமே அமைந்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்தக் குரு கப்பலிலிருந்து வந்திறங்கினார், எந்த ஆயர் அடிக்கல் நாட்டினார் என்ற செய்திகள் அவற்றில் முறையாக நிரல்படுத்தப்பட்டிருக்கும். அந்தக் கல்லைச் சுமந்தவரின் பெயர் இராது. கோயில்கள் வெளியிடும் விழா மலர்கள் பலவும் இம்மரபையே பின்பற்றுகின்றன. வாழ்த்துரைகளும் நிழற்படங்களும் முன்பக்கங்களை நிறைக்கின்றன. சபையை நாள்தோறும் தாங்கி நிற்கும் மக்களோ, 'ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி' என்ற கடைசிப் பக்கத்துத் தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இலக்கியத்தை நோக்குமிடத்து நிலைமை வேறாகத் தோன்றுகிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் நம் மாணவர் வீரமாமுனிவரையும் போப்பையரையும் குறிப்பிடுவர். இருவரும் குருத்துவப் பட்டம் பெற்றவர். இருவரும் தமிழுக்குச் செய்த தொண்டு மறுக்க இயலாதது. ஆயினும், தமிழ்ச் சபைகளில் மக்கள் வாய்விட்டுப் பாடும் கீர்த்தனைகளையும், தமிழ்க் கிறித்தவர் தம் காப்பியம் என்று போற்றும் நூலையும், தமிழின் முதல் புதினத்தையும் ஆக்கித் தந்தவர்கள் குருக்கள் அல்லர். பள்ளியாசிரியர் இருவரும் மாவட்ட முனிசீப்பு ஒருவருமே அவற்றைத் தந்தனர். இச்செய்தியின் பொருள் இன்றுவரை போதிய அளவு சிந்திக்கப்படவில்லை. பொதுநிலையினர் திருச்சபைக்கு அளித்த பெருங்கொடை அவர்களுடைய கையுழைப்பு மட்டுமன்று, அவர்களுடைய குரலுமாகும் என்பதையும், இன்றைய சபை வாழ்வு அக்கையை விரும்பி ஏற்கும் அளவுக்கு அக்குரலை ஏற்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். குருத்துவப் பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ பெறாத கிறித்தவரைத் தமிழகக் கத்தோலிக்கர் 'பொதுநிலையினர்' என்பர். சீர்திருத்தச் சபைகளில் 'சபையார்', 'விசுவாசிகள்' என்னும் வழக்குகள் மிகுதி. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் சொல், ஒரு துறையில் பயிற்சியற்றவர் என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. மருத்துவம் அறியாதவரையும் சட்டம் அறியாதவரையும் அதே சொல்லால்தான் சுட்டுகின்றனர். தமிழில் 'பொது' என்பதற்கு அத்தகைய தாழ்வு இல்லை. திருக்குறளைப் பொதுமறை என்கிறோம். தில்லையில் கூத்தன் ஆடும் மன்றத்தைப் பொது என்கிறோம். எல்லார்க்கும் உரியது எதுவோ அதுவே பொது. எனவே பொதுநிலை என்பது திருமுழுக்குப் பெற்ற அனைவர்க்கும் உரிய அடிப்படை நிலை. குருத்துவம் அதன்மேல் எழும் ஒரு சிறப்புப் பணி. சொல்லை ஆக்கிய தமிழர் பொருளைச் சரியாகவே உணர்ந்திருந்தனர். அப்பொருளுக்கு ஏற்ற வாழ்வு அமைந்ததா என்பதே வினா.

கிளாரிந்தா எழுப்பிய கோயில்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய வரலாறு ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. தஞ்சைப் பகுதியில் பிறந்து, இளமையிலேயே கணவனை இழந்த ஓர் அந்தணப் பெண், ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். அவ்வதிகாரி வாயிலாகவே கிறித்தவ சமயத்தை அறிந்தார். திருமணமின்றி வாழ்ந்தமை காரணமாகச் சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்கு அளிக்க முதலில் இணங்கவில்லை. அதிகாரி மறைந்தபின், 1778ஆம் ஆண்டில், கிளாரிந்தா என்ற பெயருடன் அவர் சபையில் சேர்க்கப்பட்டார். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் தலையாயது அவர் பெயரே. 1785ஆம் ஆண்டில் அங்கே அவர் முயற்சியால் ஒரு கோயில் எழுந்தது.

நிலையாகத் தங்கிய குரு ஒருவர் இல்லாத ஊரில், ஊரார் ஒதுக்கிய ஒரு கைம்பெண், நாற்பது பேரை ஒரு குடும்பமாகப் பிணைத்தார். சபை என்னும் உடம்பு முன்னே தோன்றிற்று. முறைப்படியான போதகர் பின்னே வந்தார். இவ்வரலாற்றை 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் புதினமாக எழுதியவர் அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' படைத்த அவ்வெழுத்தாளர் கிறித்தவர் அல்லர் என்பது எண்ணத்தக்கது. சபை வரலாறுகளில் ஓரத்தில் நின்ற பெண்ணை நடுவில் நிறுத்திப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கலைஞன் வரவேண்டியிருந்தது! சபைக்குள் பொதுநிலையினரின் பெருமை எத்துணை எளிதில் மறக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சாஸ்திரியாரின் பெருமையும் குறையும்

திருநெல்வேலியில் 1774ஆம் ஆண்டு பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கல்வி பெற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் குருவாகவில்லை, பள்ளி ஆசிரியரானார், கவிஞரானார். பிற்காலத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியும் அவரை ஆதரித்தார். 1864ஆம் ஆண்டு மறையும்வரை அவர் பாடிக் குவித்தவை பல. அவற்றுள் தலைசிறந்தது பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சி அக்காலத்தில் கோயில் மண்டபங்களிலும் அரசவைகளிலும் ஆடிப் பாடப்பட்ட நாடக வகை. மக்கள் விரும்பிய அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு, தலைவிக்குக் குறி சொல்ல வரும் குறத்தியை விசுவாசத்தின் உருவகமாக அமைத்தார் சாஸ்திரியார். வலை வைத்துப் பறவை பிடிக்கும் சிங்கனின் தொழில் மக்களை இறைவன்பால் சேர்க்கும் பணிக்கு உருவகமாயிற்று. மலைவாழ் குறத்தி ஒருத்தியின் வாயில் சமய உண்மைகளை வைத்தமை சாதாரணச் செய்தியன்று. தெரு மக்களின் மெட்டுகளும் அவையோர் போற்றிய கருநாடக இசையும் இவ்வாறு வழிபாட்டுக்குள் நுழைந்தன. பிறநாட்டு மெட்டுகளில் மொழிபெயர்த்த பாடல்களைப் பாடிவந்த சபை, தன் சொந்தத் தொண்டையால் பாடத் தொடங்கிற்று. இதனைச் செய்வதற்குப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தமிழும் பத்தியும் போதுமாயின.

ஆனால் திறனாய்வு என்பது புகழ்மாலை தொடுப்பதோடு நின்றுவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மறைப்பணியாளர்கள், சபையில் சாதிப்படி தனித்தனியே அமரும் வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். அத்துடன் பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றவும், உள்நாட்டுப் பாட்டையும் சில பழக்கங்களையும் விலக்கவும் முனைந்தனர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து எழுதினார். பாட்டைக் காத்தபோது அவர் செய்தது நன்று. சாதி வழக்கைக் காத்தபோது அவர் செய்தது நன்றன்று. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் அதனை ஏற்க மறுத்துப் பிரிந்து நின்றனர். அவ்வாறு மறுத்தவரும் பொதுநிலையினரே. பின்வரிசையில் அமர்த்தப்பட்டவரும் பொதுநிலையினரே.

இது கசப்பான உண்மை. ஆயினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. 'மக்கள் குரலுக்கு இடம் கொடுங்கள்' என்று கூறுவது எளிது. எந்த மக்களின் குரல் என்று உடனே கேட்டாக வேண்டும். நிலமும் கல்வியும் உடைய சிலர் பேசுவதையே சபையின் குரல் என்று கொள்வோமாயின், ஒருவரின் ஆட்சிக்குப் பதிலாகச் சிலரின் ஆட்சி வந்ததன்றி வேறு பயன் இல்லை.

பாத்திரம் பழுதுபார்ப்பவரும் தமிழாசிரியரும்

அடுத்து நம் கருத்தைக் கவர்பவர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1827ஆம் ஆண்டு வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858ஆம் ஆண்டில் கிறித்தவ சமயம் தழுவியவர். 1894ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது என்பதை அறிவோம். மூல நூலாசிரியர் யார் என்பதை மட்டும் நாம் ஆழ்ந்து நோக்குவதில்லை.

பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாதவர். அரசு ஏற்ற திருச்சபையின் இசைவின்றிச் சமய உரையாற்றினார் என்ற குற்றத்திற்காக 1660ஆம் ஆண்டு பிடிக்கப்பட்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்தார். 'இனிப் பேசமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. 1678ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் பரவிற்று. முதுகில் சுமையோடு வழிநடக்கும் அதன் தலைவனும் மன்னனல்லன், மறைத்தலைவனல்லன். நம்மைப் போன்ற சாதாரண மனிதன். அவனுக்கு வழியில் ஊக்கம் ஊட்டுவோருள் உடன் நடக்கும் பயணிகளுக்குப் பேரிடம் உண்டு.

அத்தொழிலாளியின் நூல், இருநூறு ஆண்டுகட்குப் பின் நெல்லைச் சீமையில் ஒரு தமிழாசிரியர் கையில் காப்பியமாயிற்று. கம்பனில் தோய்ந்த உள்ளம், ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய நாவு, இவற்றைக் கிருட்டிணப் பிள்ளை சமயம் மாறியபோது வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை, உள்ளே கொண்டுவந்தார். பனியன் நூலில் விரிவாக இடம்பெறாத இயேசுவின் பாடுகளைத் தம் நூலில் விரித்துப் பாடினார். தேவாரம் என்ற பெயராலேயே துதிப்பாடல்களை இடையிடையே அமைத்தார். அதனாலன்றோ 'கிறித்தவக் கம்பர்' என்று அவரைத் தமிழுலகம் அழைத்தது! காப்பியத்தின் நடை சிலவிடங்களில் கற்றோர்க்கே உரியதாய் எளிய மக்களிடமிருந்து விலகி நிற்கிறது என்பது உண்மையே. எனினும் சமயம் மாறியவன் மொழியையும் மரபையும் இழந்தவனாவான் என்ற பழியை நீக்கியது அந்நூல். எந்தச் சபைக் குழுவும் அவரிடம் அதனைப் பணித்ததன் விளைவாக அது தோன்றவில்லை. அவர்தம் உள்ளத்து வேட்கையிலிருந்து பிறந்தது.

கோயிலுக்கு வெளியே ஒரு திருப்பணி

மூன்றாமவர் மாயூரம் முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், நீதிமன்றத்தில் நடுவராக அமர்ந்தவர். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் புதினமாகப் போற்றப்படுகிறது. பெண்கல்விக்காக எழுதினார், 'நீதிநூல்' பாடினார், 1878ஆம் ஆண்டில் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை வெளியிட்டார். அவர் கையூட்டைக் கண்டித்தும் நேர்மையை வற்புறுத்தியும் எழுதியவற்றில் கிறித்தவப் பெயர் முத்திரையாகக் குத்தப்படவில்லை. ஆனால் நம்பிக்கை ஒருவன் தொழிலில் எவ்வாறு வெளிப்படவேண்டும் என்பதற்கு அவை விளக்கமாக அமைந்தன. பீடத்தருகே நிற்பது மட்டுமே பொதுநிலையினர் பணி என்று கருதுவோர் வேதநாயகம் பிள்ளையைப் படித்தல் வேண்டும்.

இங்கே ஒரு முரணையும் காண்கிறோம். நீதிமன்றங்களில் தமிழ் வழங்கவேண்டும், தமிழ் மக்களின் வழக்கை அவர்கள் அறியாத மொழியில் நடத்துதல் தகாது என்று தம் புதினத்தில் வலியுறுத்தியவர் அவர். அதே காலத்தில் அவர் முழந்தாட்படியிட்ட கோயிலில் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. நீதிமன்றத்திற்கு அவர் கூறிய நியாயம் கோயிலுக்குள் நுழைய ஏறத்தாழ 85 ஆண்டுகள் பிடித்தன.

சங்கம் தந்த வாக்கு

அந்நியாயத்திற்குக் கதவு திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற அச்சங்கம், 1963ஆம் ஆண்டில் வழிபாட்டில் தாய்மொழிகளுக்கு இடமளித்தது. 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் அமைப்பே ஒரு பாடமாகும். அதன் இரண்டாம் இயல் இறைமக்களைப் பற்றியது; ஆயர், குருக்கள் முதலிய ஆட்சியமைப்பு மூன்றாம் இயலிலேயே வருகிறது; நான்காம் இயல் பொதுநிலையினர்க்கு உரியது. மக்களை முன்வைத்து, அவர்களுக்குப் பணிபுரிவோரைப் பின்வைத்த இவ்வியல் வைப்பு முறை தற்செயலானதன்று. 1965ஆம் ஆண்டில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஏடு ஒன்றும் வெளிவந்தது.

நம் தீபகற்ப மலேசியாவில் இதன் எதிரொலி 1976ஆம் ஆண்டில் கேட்டது. மூன்று மறைமாவட்டக் குருக்களும் ஒன்றுகூடி நெடிது ஆராய்ந்து, அடிப்படைக் கிறித்தவ சமூகங்களைக் கட்டியெழுப்புவதைத் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டனர். தமிழில் 'அன்பியம்' என்ற அழகிய பெயர் பெற்ற இவ்வமைப்பில், அண்டை வீட்டார் சிலர் ஒரு வீட்டில் கூடி, மறைநூலை வாசித்து, தம் துன்ப இன்பங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

உற்று நோக்கினால், இந்நாட்டுத் தமிழருக்கு இது முற்றிலும் புதியதன்று. தோட்டங்களில் குருவானவர் எப்போதோ ஒருமுறை வருவார். இடைப்பட்ட நாள்களில் செபம் சொல்லியும், நோயாளியைப் பார்த்தும், இறந்தாரை அடக்கம் செய்தும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியும் சபையைக் காத்தவர் உபதேசியார். பலவிடங்களில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அப்பணியில் தோள்கொடுத்தார். பால்வெட்டிக் களைத்துவந்த பெண்கள் மாலையில் சிறு செபக்கூடத்தில் கூடினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறியபோது அக்கூட்டுறவும் சிதறியது. பெரிய நகரக் கோயிலில் நூற்றுக்கணக்கானோர் நடுவே அவர்கள் பெயரற்றவராயினர். தோட்டத்தில் செபம் நடத்திய பெரியவர் நகரத்தில் கடைசி இருக்கையில் அமர்ந்து கேட்பவரானார். அன்பியம் அவரை மீண்டும் பேசவைக்குமாயின் அதுவே அதன் வெற்றி.

கையும் குரலும்

ஆனால் இன்றைய நடைமுறை என்ன? பொதுநிலையினர் இல்லாத பணியே கோயிலில் இல்லை எனலாம். வாசகம் வாசிக்கின்றனர், பாடற்குழு நடத்துகின்றனர், நற்கருணை வழங்கவும் துணைபுரிகின்றனர். விருந்து சமைப்பதும் நிதி திரட்டுவதும் அவர்களே. பணிகளுக்குக் குறைவில்லை. முடிவெடுக்கும்போது அவர்கள் எங்கே நிற்கின்றனர் என்பதே நம் வினா. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி பங்கின் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. ஆலோசனையைக் கேட்கும் செவியுள்ள பங்குத்தந்தை வாய்த்தால் பேரவை உயிர்பெறும். வாய்க்காவிடில் அது தேநீர் அருந்திக் கலையும் கூட்டமாகும்.

எம் பள்ளி உலகிலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இல்லாத தமிழ்ப்பள்ளியைக் காண்டல் அரிது. ஆயினும் சிலவிடங்களில் விளையாட்டுப் போட்டியன்று கூடாரம் அமைக்கவும், விழாவன்று உணவு சமைக்கவுமே பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். 'என் பிள்ளைக்கு ஏன் இன்னும் வாசிக்க வரவில்லை?' என்று ஒரு தாய் கேட்டால் முகங்கள் சுருங்குகின்றன. அத்தாயின் கேள்வியை வரவேற்கும் பள்ளியே வளரும். சபைக்கும் இஃது ஒக்கும்.

வாக்குரிமை தந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா எனின், அதுவும் முழு விடையன்று. மெதடிஸ்டு திருச்சபையின் ஆண்டு மாநாட்டில் போதகர்களோடு பொதுநிலைப் பேராளர்களும் அமர்ந்து வாக்களிக்கின்றனர். அது பாராட்டத்தக்க மரபு. ஆனால் 1947ஆம் ஆண்டில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், சில திருமண்டலங்களின் தேர்தல்கள் கட்சிப் பூசலாகி நீதிமன்றம்வரை சென்றதையும் நாம் அறிவோம். தஞ்சையில் கண்ட பழைய நோய் புதிய உருவில் தலைகாட்டுகிறது. பதவி வேட்கையைக் குரல் என்று மயங்கலாகாது.

ஆகவே மேற்கண்ட இலக்கிய மாந்தரிடமிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, பணிக்கப்பட்டதைச் செய்வதோடு அமையாது, தாமே உணர்ந்ததைச் சபைக்கு அளிக்கும் துணிவு: கிளாரிந்தாவும் கிருட்டிணப் பிள்ளையும் இதற்குச் சான்று. இரண்டாவது, நம்பிக்கையைத் தொழிலிலும் ஊர்வாழ்விலும் காட்டும் நேர்மை: முனிசீப்பு இதற்குச் சான்று. மூன்றாவது, தமக்குக் கிடைத்த குரலைத் தமக்குப் பின்வரிசையில் இருப்பவனுக்கும் பெற்றுத் தருதல். இதில்தான் சாஸ்திரியார் தவறினார். பெருங்கவிஞரே தவறிய இடமாதலின் நாம் அங்கே மிகுந்த விழிப்போடு நடத்தல் வேண்டும்.

தமிழ்ச் சபைகளுக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. இளைஞர் பலர் ஆங்கில வழிபாட்டை நாடிச் செல்கின்றனர். மொழி கடினம் என்பது அவர்கள் கூறும் காரணம். ஆனால் அவர்களுடைய வேலையின்மையையும் வீட்டுக் கவலையையும் ஐயங்களையும் பற்றிப் பேசும் புதிய பாடலோ நாடகமோ சிறுகதையோ தமிழ்ச் சபையிலிருந்து எத்தனை தோன்றியுள்ளன? சாஸ்திரியார் தம் காலத்து மக்கள் விரும்பிய குறவஞ்சியை எடுத்தாண்டார். வேதநாயகம் பிள்ளை அன்று தமிழில் இல்லாத உரைநடைப் புதினத்தையே உருவாக்கினார். நாமோ அவர்கள் பாடியதையே பாடிக்கொண்டு, அவர்கள் செய்ததைச் செய்யாதிருக்கிறோம். எழுதத் தெரிந்த பொதுநிலையினர் இந்நாட்டில் இல்லாமலில்லை. நம் எழுத்தாளர் சங்கங்களிலேயே அவர்கள் இருக்கின்றனர். அவர்களைக் கோயில் மலருக்கு நன்றியுரை எழுத மட்டும் அழைப்பதை விடுத்து, சபையின் வாழ்வை உள்ளவாறு எழுத அழைத்தல் வேண்டும். அவர்கள் எழுதுவது சிலர்க்குக் கசக்கலாம்; கசந்தாலும் அச்சேற்றுதல் வேண்டும்.

பாளையங்கோட்டைப் பதிவேட்டில் 40 பெயர்கள் எழுதிவைக்கப்பட்டதால்தான் கிளாரிந்தாவை இன்று நாம் அறிகிறோம். இனி வெளிவரும் விழா மலர்கள், செபக்கூடத்தில் விளக்கேற்றியவர், உபதேசியார், பாட்டு எழுதியவர், கேள்வி கேட்டவர் ஆகியோரின் பெயர்களையும் அவர்கள் கூறியவற்றையும் பதிவு செய்யட்டும். அதற்கு ஆயரின் ஆணையும் வேண்டுவதில்லை, சட்டத் திருத்தமும் வேண்டுவதில்லை. எழுதுகோல் பிடிக்கத் தெரிந்த பொதுநிலையினர் ஒருவர் போதும்.